சுரைக்குடுவையில் வைத்த டேப்

சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸை அம்சவேணி பிடித்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். அவளோ கம்ப்யூட்டர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டேப் ஓடுகிற பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்திருப்பாள். நான் வாளியும் துடைப்பமுமாகக் கதவோரம் நிற்பேன்.

"கண்ணு, பஸ்சு போகுது."

"போகட்டும் ஆயா. இன்னும் படிச்சு முடிக்கல."

டேப்பில் எழுதி முடித்தபிறகு, எழுதினது சரியாக இருக்கிறதா என்று தொடக்கத்திலிருந்து கடைசிவரை மறுபடியும் ஓடவிட்டுப் பார்ப்பாள். எழுத எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அதற்கும் பிடிக்கும். பிறகு வளப்பூர் நாட்டுக்கு நடந்து போவாள், இல்லாவிட்டால் என் வீட்டில் படுத்துக்கொள்வாள். புதிதாக வந்த நர்சுகள் அவளைக் கிறுக்கு என்று சிரித்தார்கள். கிறுக்கு இல்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் கூட இருந்தவள், சொல்கிறேன். எழுதுகிறவர்கள் அங்கங்கே அழகு பண்ணாமல் சொன்னபடி எழுதினால் போதும்.

அம்சவேணி கருப்பண்ணனின் மகள். எங்கள் மலையில் பல சிற்றூர் சேர்ந்தது ஒரு நாடு; வளப்பூர் நாட்டில் அவர்களுக்குக் கொஞ்சம் மிளகுக் கொடியும், இரண்டு பலா மரமும், கேழ்வரகு விளைகிற சரிவுக் காடும் உண்டு. சேந்தமங்கலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது படித்தாள். அதற்குப் பிறகு நாமக்கல்லில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். மலைமேல் ஒரு டிரஸ்ட் நடத்திய எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம், அதைப் பார்த்துக்கொள்ள அவளையே எடுத்துக்கொண்டார்கள். நான் அங்கே கூட்டித் துடைக்கிற வேலை. எனக்கு எழுத்து தெரியாது, அவளுக்கு அதிகம் பேசத் தெரியாது. இருவருக்கும் ஒத்துப்போயிற்று. ஆள் ஒல்லி, முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும், அதை மறைக்கச் சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோவாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் சினிமா, பாட்டு ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. வேண்டியதை ஒரு வரியாக அடித்துத் தட்டினால் அது வேலை செய்யும், தப்பாக அடித்தால் ஒரே சொல்லில் முடியாது என்று சொல்லிவிடும். சனிக்கிழமைதோறும் அதற்குள் இருப்பதையெல்லாம் ஒரு சின்ன டேப்பில் ஏற்றுவாள். பாட்டு கேசட்டைவிடச் சிறியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். எப்படி என்று நான் கேட்டபோது அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது.

"விறகு கட்டற மாதிரிதான் ஆயா. டார்னு ஒண்ணு அடிக்கணும். அதோட சி போட்டா எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி டேப்புல சுத்திரும். எக்ஸ் போட்டா கட்டு அவிழும். டி போட்டா அவிழ்க்காம உள்ள என்ன இருக்குதுன்னு எட்டிப் பாக்கலாம்."

"நீ தினமும் அவிழ்த்துப் பாப்பியா?"

"எதுக்கு? கட்டி வெச்சது எங்க போகும்?"

இந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஒரு முகாம் நடந்தது. மலையிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். வெளியிலிருந்து கேமரா வைத்திருந்த சிலர் வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அந்தக் கேமராவுக்குப் பிலிம் கிடையாது; படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காகிதத்தில் எடுத்து, அவரவர் வைத்திய அட்டையில் ஒட்டுவதற்கு. திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூரில் அத்தாயியின் மகள் சங்கீதா மட்டும் நிலையாக நிற்கமாட்டேன் என்றாள். புருஷன் இறந்து இந்த ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தவள் அத்தாயி. மகளைத் திட்டிக்கொண்டே நிறுத்தினாள்.

"சிரிக்காதடி, பல்லெல்லாம் தெரியுது!"

"தெரிஞ்சா என்னம்மா, கடிக்கவா போறேன்?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். இடது புருவத்தில் மாட்டுக் கொம்பு கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. அந்த இடத்தில் முடி முளைக்காது. அதை மறைக்க முன்முடியை இழுத்துவிட்டேன், அவள் ஊதித் தள்ளிவிட்டாள். அப்போதுதான் கேமரா சொடுக்கியது. வாயெல்லாம் சிரிப்பு. அத்தாயி வீட்டில் ஒருவரையும் அதற்கு முன் யாரும் படம் பிடித்தது கிடையாது.

வருஷக் கடைசியில் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. அந்த வருஷத்துச் சமாச்சாரத்தை, படங்களோடு, இரண்டு டேப்பில் கட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்றார்கள். டாக்டர் பிரபாவதி மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், எதிலும் முறை பார்ப்பவர். "ஒரு டேப் நம்ம பீரோவுல இருக்கட்டும். இன்னொண்ணு ஆஸ்பத்திரிக்கு வெளியில இருக்கணும். இங்க தீப்பிடிச்சா அது தப்பிக்கணும்" என்றார். அம்சவேணி வீட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

எங்கள் மலையில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று வெளியாருக்குத் தெரியாது. ஆடியில் இறங்கும் மூடுபனி மார்கழி வரைக்கும் வீட்டுக்குள் வந்து உட்காரும். செருப்பு பூக்கும், பாய் பூக்கும், கட்டிவைத்த புடவை மடிப்பில் பச்சையாகப் பூஞ்சணம் ஏறும். விதை மட்டும் பூக்காது. ஏனென்றால் அதைப் பூக்கவிட்டால் மறுவருஷம் சோறு இல்லை. முற்றிய சுரைக்காயைக் குடைந்து காயவைத்து, அதற்குள் கேழ்வரகைக் கொட்டி, வாயைச் சாணமும் சாம்பலும் குழைத்து அடைத்து, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவோம். புகையும் சூடும் படப்பட விதைக்கு ஆயுசு. அதிலும் ஒரு குடுவை தனி. மழை ஏமாற்றி முதல் விதைப்பு கருகினால் மறுபடி விதைப்பதற்கென்று வைப்பது. தேவை வராமல் அதை உடைக்கமாட்டார்கள். சும்மா திறந்து பார்ப்பதும் கூடாது, காற்றுப் பட்டால் வண்டு இறங்கும்.

அம்சவேணி அந்த டேப்பை அதன் பிளாஸ்டிக் டப்பாவோடு துணியில் சுற்றி, மறுவிதைக் குடுவைக்குள் கேழ்வரகுக்கு நடுவில் புதைத்து, வாயை அடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் வேறு கிடையாது. பின்னால் படித்தவர்கள் அதை வைத்து ஏளனம் பேசினார்கள். நான் இன்றைக்கும் சொல்கிறேன், அவள் அலட்சியமாக வைக்கவில்லை. உயிரைக் காப்பாற்றி வைக்கிற இடத்தில் வைத்தாள்.

அடுத்த இரண்டு வருஷமும் மழை பரவாயில்லை. குடுவையை யாரும் தொடவில்லை.

சங்கீதாவை மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனது இரண்டாயிரத்தொன்றில், ஆடி நோம்பிப் பண்டிகை கழிந்தபிறகு. கீழ்நாட்டிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்து, நூல் மில்லில் வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சோறு என்று நிறைய பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். அவள் போகும்போது ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. சன்னலில் தலையை நீட்டி, "ஆயா, வாரேன்! பொங்கலுக்குச் சீப்போட நில்லுங்க, தலை வாரணும்" என்று கத்தினாள்.

பொங்கலுக்கு மற்ற பிள்ளைகளில் சிலர் வந்தார்கள். அவள் வரவில்லை. அதற்கு முன் ஒருமுறை கடை போனுக்குப் பேசி, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாளாம். அத்தாயி தனியாக மலை இறங்கி மில்லைத் தேடிப் போனாள். உன் மகள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாள், எங்கே போனாள் என்று எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டில் நின்றவன் சொன்னான். அங்கிருந்து அத்தாயி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். முதல் கேள்வியே, "போட்டோ கொண்டாந்தீங்களா?"

முகாமில் கொடுத்த அட்டை வீட்டில் இருந்தது. கூரை ஒழுகி, அட்டையிலிருந்த படம் மையாகக் கரைந்து நீலத் திட்டாகிவிட்டிருந்தது. அந்த அட்டையை மடியில் கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தாள். அம்சவேணியின் மேசைமேல் அதை வைத்தாள்.

"கண்ணு, அன்னிக்குப் புடிச்ச படம் உங்க பொட்டிக்குள்ள இருக்குமா? போட்டோ இருந்தாத்தான் தேடுவாங்களாமா."

அம்சவேணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இருக்குதுங்கக்கா. டேப்புல கட்டி வெச்சிருக்கறேன். எங்கயும் போகாது."

அத்தாயி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தண்ணீர் கேட்டாள். பிள்ளை பாதி கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பீரோவைத் திறந்தோம். தொண்ணூற்றொன்பதாம் வருஷ டேப்பின் டப்பாவைப் பிரித்ததும் ஊறின பாயின் வாடை அடித்தது. டேப்பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. அம்சவேணி பெட்டியில் செருகினாள். அது இரண்டு தடவை முனகிவிட்டு வெளியே துப்பியது. துடைத்து மறுபடி செருகினாள். மறுபடி துப்பியது. திரையில் ஒரு வரி. என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவள் கழுத்து வியர்த்ததிலேயே தெரிந்தது.

"பரவால்லக்கா" என்றாள் அத்தாயியிடம். "ஊட்டுல ஒண்ணு இருக்குது. அது பூஞ்சணம் புடிக்காது."

மறுநாள் மூன்று பேருமாக வளப்பூர் நாட்டுக்குப் போனோம். கருப்பண்ணன் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். மகள் பரணில் ஏறி அந்தக் குடுவையை இறக்கியதும் எழுந்து வந்துவிட்டார்.

"ஏண்டி, கிறுக்கு புடிச்சிருக்குதா? மழையே இன்னும் காணோம். மறுவிதைய இப்ப உடைப்பாங்களா?"

"அதுக்குள்ளதாம்பா டேப்பு இருக்குது."

"எது? விதைக்குள்ளயா?" அவருக்கு அதுவரை தெரியாது. "சொல்லவே இல்லையேடி எமகாதகி!"

"சொன்னா வைக்க விடுவீங்களா?"

அவர் இன்னும் ஏதோ கத்தப் போனார். அப்போதுதான் வாசலுக்கு வெளியே நின்ற அத்தாயியைப் பார்த்தார். அவள் உள்ளே வரவில்லை, கரைந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருப்பண்ணனுக்கு விஷயம் ஊர்வழியே தெரிந்திருந்தது. மகள் கையிலிருந்து குடுவையை வாங்கி, சாக்கை விரித்து, அரிவாள் முதுகால் வாயிலிருந்த காய்ந்த சாணத்தைத் தட்டினார். புகை நெடியோடு கேழ்வரகு சரிந்தது. நடுவில் துணிப்பொட்டலம். துணி மஞ்சளேறி இருந்தது, டப்பா ஒரு மூலையில் லேசாக வளைந்திருந்தது. ஆனால் பூஞ்சணம் ஒரு பொட்டும் இல்லை. அம்சவேணி அதைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு அவள் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரித்ததைப் பார்த்தேன். அதுவே கடைசி.

டேப்பை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கைப்பிள்ளையோடு வருகிறவள் மாதிரி யாரும் இடிக்காமல் ஓரமாக நின்றாள்.

அதற்குள் டாக்டரம்மா போன் போட்டு, சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற தரணிதரனை வரவழைத்திருந்தார். அவர் டேப்பை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, என்ன இது வாசம்? எங்க வெச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல, பரண்ல."

"அடுப்புக்கு மேலயா! டேப்புங்க இது, கருவாடு இல்லீங்க."

அம்சவேணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க மலையில ஒரு மழைக்காலம் உங்க பெல்ட்டக் கழட்டி ஆணியில மாட்டிப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

"பெல்ட்டு பூத்தா தொடச்சுக் கட்டிக்கலாம். இது சூட்டுல இழுத்துக்கும். இழுத்துக்கிச்சுன்னா பெட்டிக்குப் படிக்கத் தெரியாது." பிறகு, அத்தாயி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி விடுங்க. வெச்சுட்டு நடுவுல ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தீங்களா?"

அம்சவேணி இல்லையென்று தலையாட்டினாள். மறுவிதைக் குடுவையை நடுவில் திறந்து பார்க்கிற வழக்கம் எங்களில் எவருக்கும் கிடையாது. அவருக்கு அது எப்படித் தெரியும்?

டேப்பின் முதுகில் ஒரு சின்னப் பூட்டு இருந்தது. அதை நகத்தால் தள்ளினார். இனி இதைப் படிக்கலாம், மேலே எழுத முடியாது என்றார். "இதப் பூட்டாம, எக்ஸுக்குப் பதிலா கை தவறி சி அடிச்சுட்டீங்கன்னா இருக்கறதும் போயிரும்" என்றார். அம்சவேணி விரலை ஒவ்வொரு எழுத்தாக வைத்து அடித்தாள். தட்டுவதற்கு முன் வரியை மூன்று பேரும் பார்த்தார்கள்: அவள், அவர், டாக்டரம்மா. எழுத்து தெரியாத நாங்கள் இருவரும் அவர்கள் முகத்தைப் பார்த்தோம்.

தட்டினாள். பெட்டி ஓடத் தொடங்கியது. திரையில் வரி வரியாகப் பெயர்கள் மேலேறின. முகாம் போன வரிசையிலேயே ஊர்கள். அத்தாயிக்காக அம்சவேணி சத்தமாகப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி. இந்த ஊர், இன்னார் மகள். அந்த ஊர், இன்னார் மகள்.

"எங்கூரு வந்துருச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங்கக்கா. உங்களது கடைசிக்குக் கிட்ட."

தரணிதரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வருதே" என்றார், நம்பாதவர் மாதிரி. "பரவால்லையே, அடுப்படி டேப்பு ஓடுதே." வளப்பூர் நாடு முடிந்தது. திண்ணனூர் நாடு தொடங்கியது. அத்தாயி முட்டியில் கையூன்றி எழுந்துவிட்டாள். அவள் ஊர்ப் பெயர் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, எதிர்வீட்டுப் பிள்ளை.

"சங்கீதா" என்று படித்தாள் அம்சவேணி. "அத்தாயி மகள்."

பெட்டியின் சத்தம் மாறியது. அரவை மெஷினில் கல் விழுந்த மாதிரி ஒரு கரகரப்பு. முன்னே ஓடி, பின்னே ஓடி, மறுபடி முன்னே. திரையில் அந்தப் பெயருக்குக் கீழே வேறு பெயர் வரவில்லை. கடைசியில் இரண்டு வரி ஆங்கிலம் வந்தது, பெட்டி நின்றுவிட்டது.

தரணிதரன் குனிந்து, "எவ்வளவு வந்திருக்குதோ அது உள்ள இறங்கியிருக்கும், தொறந்து பாருங்க" என்றார். அம்சவேணி சங்கீதாவின் பெயரை அடித்தாள். படம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது. முதலில் சுவர். அப்புறம் நான் வாரிவிட்ட வகிடு. ஊதித் தள்ளிய முன்முடி. நெற்றி. முடி முளைக்காத தழும்போடு புருவம். கண் இரண்டும், சிரிப்பில் இடுங்கி. மூக்கின் நடுத்தண்டு வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

அத்தாயி திரைக்குப் பக்கத்தில் போய், சாம்பலாக இருந்த இடத்தை விரலால் தடவினாள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தைப் பிரித்தெடுக்கிற மாதிரி நகத்தால் கீறினாள்.

"வாய் எங்க கண்ணு?"

அம்சவேணி பெயரை மறுபடி அடித்தாள், அதே பாதிதான் வந்தது.

"வாய் வரலியா? அந்தச் சிரிப்புத்தானே அவ மூஞ்சி. வாய் இல்லாம யாருக்கு அடையாளம் தெரியும்?"

டேப் ஆறட்டும் என்று ஓரமாக வைத்தார்கள். ஆறியபின் செருகினார்கள். இந்தத் தடவை பாதி ஊர்கூட வரவில்லை. நாடா உள்ளேயே சுருண்டு, பெட்டி அதைக் கடித்துக்கொண்டது. தரணிதரன் இடுக்கியால் எடுத்தபோது அறுந்து, புழு மாதிரி நெளிந்து வந்தது. அவர் அதற்குமேல் ஏளனம் எதுவும் பேசவில்லை. "நான் இன்னும் மெதுவா ஓட்டியிருக்கணும்" என்று தன்மேல் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்.

இருக்கிற பாதியை டாக்டரம்மா காகிதத்தில் எடுத்துக் கொடுத்தார். சாம்பல் இடத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, அத்தாயி வேண்டாம் என்றாள். அதை எடுத்துக்கொண்டு நானும் அம்சவேணியும் அவளோடு ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, மீதி எங்க?"

"மீதி வரலீங்க" என்றாள் அம்சவேணி.

"வரலீங்கன்னா?"

"டேப்புல இருந்து வரலீங்க. என்னால வரலீங்க."

ஏட்டுக்குப் புரியவில்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டு மேலே கேட்காமல், படத்தை மற்ற ஸ்டேஷன்களுக்கு அனுப்புவதாக வாங்கி வைத்துக்கொண்டார். தழும்பு எந்தப் புருவம் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆனி மாதம் ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. கீழ்நாட்டில் ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில், தை மாதம், காய்ச்சலில் விழுந்து கிடந்த ஒரு பெண்ணை யாரோ அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பேச்சு வராமலே இறந்துவிட்டது. யாரும் தேடி வராததால் அடக்கம் செய்துவிட்டார்கள். அடக்கத்துக்கு முன் எடுத்த படம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள்.

போனோம். மேசைமேல் அந்தப் படத்தை வைத்தார்கள். நான் பார்த்தேன், அம்சவேணி பார்த்தாள். எங்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. கன்னம் வீங்கி, உதடு வெடித்து, வாய் லேசாகத் திறந்து, அது எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இல்லை, இது அவள் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அத்தாயி நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை எடுத்து, அந்தப் படத்தில் மூக்குக்குக் கீழே இருந்ததை மூடினாள். எங்கள் பாதிப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். நெற்றி, முன்முடி, முடியில்லாத புருவத் தழும்பு.

"எம்புள்ளதாங்க" என்றாள்.

அன்றைக்கே ஊருக்குத் திரும்பினோம். மலைப் பாதையில் பஸ் ஏறும்போது நான் அம்சவேணியிடம் சொன்னேன். "இங்க பாரு கண்ணு. நீ டேப்பத் தேடறதுக்கு முன்னாலயே அந்தப் புள்ள போயிருச்சு. முழுப்படம் வந்திருந்தா மட்டும் எழுந்து வந்திருக்குமா?"

"வந்திருக்காது ஆயா."

"அப்புறம் ஏன் உன்னையே தின்னுக்கற?"

"அவங்க வாயக் கேட்டாங்களே" என்றாள். "எங்கயும் போகாதுன்னு நாஞ்சொன்னேனே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவுத்துப் பாத்திருந்தா, அப்பவே இன்னொரு டேப்புல மாத்திக் கட்டியிருப்பனே."

எனக்குப் பதில் இருந்தது. வழக்கத்தில் இல்லாததை எவள் செய்வாள் என்று கேட்டிருப்பேன். கேட்கவில்லை. அவள் அழுவதற்காகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. முதல் விதைப்பு கருகிவிட்டது. டேப்போடு குடுவையில் கிடந்த அதே கேழ்வரகைக் கருப்பண்ணன் வேறு குடுவையில் அடைத்து வைத்திருந்தார். அதைத்தான் விதைத்தார். நன்றாகவே முளைத்தது. மகளிடம் அதைச் சொல்ல வந்து, ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, அவளிடம் சொல்லாமலே திரும்பிப் போனார்.

அத்தாயி அந்தப் பாதிப் படத்துக்குச் சேந்தமங்கலத்தில் சட்டம் போட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் கீழே வெறுமையாக இருக்கிறதே, வெட்டிவிட்டால் சட்டம் சின்னதாகும், அழகாக இருக்கும் என்று கத்தரியை எடுத்துவிட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வெறும் எடம் இல்லீங்க. எம்புள்ள சிரிக்கிற எடம்."

சாம்பலோடு சேர்த்தே சட்டம் போட்டுக் கொடுத்தார். இப்போதும் அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு மாலை போடமாட்டாள். போட்டால் இருக்கிற கண்ணும் மறைந்துவிடும் என்பாள்.

அம்சவேணி அந்த வேலையை விடவில்லை. விட்டுவிடுவாள் என்று டாக்டரம்மா பயந்தார், நான் பயப்படவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு பையன் பிறந்தான், கறுப்புத் திரைக் கம்ப்யூட்டர் போய்ப் புதுசு வந்தது. சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. டேப்பில் கட்டுவாள். கட்டினதை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பாள். அப்புறம் ஏதாவது ஒரு ஊரில் ஏதாவது ஒரு பிள்ளையின் படத்தை அவிழ்த்துத் திறப்பாள். மேலிருந்து கீழே அது விரிகிறவரை கையை வாய்மேல் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நெற்றி வரும், கண் வரும், மூக்கு வரும். உதடும் மோவாயும் வந்து முடிந்தபிறகுதான் எழுந்திருப்பாள்.

வெளியே பஸ் கடைசித் தடவையாக ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பும்.

"போயிருச்சு கண்ணு" என்பேன்.

"வாய் வந்துருச்சு ஆயா" என்பாள். விளக்கை அணைத்துவிட்டு நான் கதவைச் சாத்துவேன்.